பை கிடைக்காத பழைய வேக்யூம் கிளீனரைத் தூக்கிப் போடும் முன்: முழுமையான வழிகாட்டி

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். கம்பளம் மதிலில் காயும், திரைச்சீலை வாளியில் ஊறும், கறி சமைத்த சட்டிகள் கழுவி மேல் தட்டுக்குப் போயிருக்கும். மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகாமல் விரதம் தொடங்காது. சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு வாரத்தில்தான் எங்கள் வீட்டு வேக்யூம் கிளீனரின் கடைசிப் பை நிரம்பியது. மெஷின் மாமியாருடையது, 1980களில் வாங்கியது, கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. டர்பனில் நான் ஏறி இறங்கிய முதல் மூன்று கடையிலும் பதில் ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் இப்போ பை வராது, புதுசு வாங்கிக்கோங்க."

மாமியார் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. "மாப்ளே, மெஷின் நல்லாத்தானே ஓடுது, ஒரு பைக்காக எதுக்கு எறியணும்?"

அந்தப் பையைத் தேடி அலைந்ததில் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்றால் பையையும் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பையைப் பொறுத்தவரை மெஷினுக்குத் தெரிந்தது அதன் வாய் மட்டும்தான். குழாய் போய்ச் செருகும் ஓட்டை, அதைச் சுற்றியுள்ள அட்டை, இரண்டும் பொருந்தினால் போதும். பின்னால் தொங்குவது யார் செய்த பையாக இருந்தாலும் மெஷினுக்குக் கவலையில்லை. இந்த வழிகாட்டியில் அந்த அட்டையை "வாய் அட்டை" என்றே சொல்கிறேன், கடைகளில் காலர் என்பார்கள்.

நிரம்பிய பையைக் குப்பையில் போடாதீர்கள்

எல்லோரும் செய்யும் முதல் தப்பு இது. பை நிரம்பியதும் எடுத்துக் கட்டி எறிந்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து தேடுவது. கையில் மாதிரி இல்லாமல் எதை ஒப்பிடுவீர்கள்? வெளியே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றுகொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பையை அடிப்பக்கம் கத்தரியால் வெட்டித் தூசியைக் கொட்டுங்கள். வாய் அட்டையை மட்டும் அதைச் சுற்றி இரண்டு அங்குலத் தாளோடு விட்டு வெட்டி எடுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம், அட்டை உப்பி அளவு மாறிவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஓட்டையைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், அது கிழியாமல் இருக்க வேண்டும்.

பிறகு அட்டையின் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பழைய பைகளில் அட்டையிலேயே ஒரு எண் அச்சாகியிருக்கும், மங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் தெரியும். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மெஷினின் அடியில் இருக்கும் ஸ்டிக்கர்

மூடியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் விளம்பரத்துக்கு, அதை வைத்துத் தேடினால் ஒன்றும் சிக்காது. மெஷினைக் கவிழ்த்தால் வோல்ட், வாட் எழுதிய சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். முழு மாடல் எண் அதில்தான். கோடு, சாய்வுக்கோடு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எண் என எதையும் விடாமல் குறியுங்கள். பாஷ் மெஷின்களில் இ-என்ஆர் என்று தொடங்கும் எண், எலக்ட்ரோலக்ஸில் பிஎன்சி என்ற நீளமான எண். தகடு அழுக்கேறியிருந்தால் பஞ்சில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். ஸ்பிரிட் போட்டால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும், எனக்குப் போனது.

ஒரே பெயரில் இரண்டு கம்பெனி

தேடும்போது பலர் ஏமாறும் இடம் இது, எனக்கும் ஒரு வாரம் வீணானது. ஹூவர் என்ற பெயரில் உலகத்தில் இரண்டு கம்பெனிகள் உண்டு. ஐரோப்பியப் பிரிவு 1995-ல் இத்தாலியின் கேண்டியிடம் போனது, அமெரிக்கப் பிரிவு 2007-ல் டிடிஐ என்ற வேறு கம்பெனியிடம் போனது. இரண்டின் பைகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஐரோப்பியப் பைகளுக்கு எச் 30, எச் 63 என்ற மாதிரி எண் இருக்கும், அமெரிக்கப் பைகளுக்கு டைப் ஏ, டைப் ஒய் என்று எழுத்து இருக்கும். எலக்ட்ரோலக்ஸ் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் பல காலம் அந்தப் பெயரில் விற்ற கம்பெனி இன்று ஏரஸ் என்ற பெயரில் இருக்கிறது, அவர்களுடைய ஸ்டைல் சி பை ஸ்வீடன்காரர்களின் மெஷினில் நுழையவே நுழையாது.

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. ஆகவே இங்கே வீடுகளில் ஓடும் பழைய மெஷின்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பக்கத்தவை. தேடலில் அமெரிக்கக் கடைகள் முதலில் வந்து நின்றால் தாண்டிப் போங்கள்.

பைக்கு என்று தனியாக ஒரு பெயர் உண்டு

மெஷின்கள் ஆயிரம் இருந்தாலும் பை வகைகள் அவ்வளவு இல்லை. ஒரு கம்பெனி ஒரே வாய் அட்டையை இருபது மாடலுக்குப் போட்டிருக்கும், ஆகவே உங்கள் மெஷின் நின்றுபோனாலும் அதன் தம்பிக்கு இன்னும் பை வந்துகொண்டிருக்கும். மீலா மெஷின்களைப் பாருங்கள்: ஜிஎன், எஃப்ஜேஎம் என்ற இரண்டு வகைப் பைகளே ஏராளமான மாடல்களுக்குப் போதும், ஜிஎன்னுக்கு நீல வாய், எஃப்ஜேஎம்முக்குச் சிவப்பு வாய். பாஷ், சீமென்ஸ் இரண்டுக்கும் டைப் ஜி பொது. எலக்ட்ரோலக்ஸும் பிலிப்ஸும் சேர்ந்து எஸ்-பேக் என்று ஒரு பொது அளவைக் கொண்டுவந்தார்கள், ஏஈஜி மெஷின்களிலும் அதுதான். எல்லாவற்றிலும் எளிதாகக் கிடைப்பது இந்த எஸ்-பேக், டர்பனில் பெரிய கடைகளிலேயே வாங்கலாம். பிலிப்ஸின் பழைய மெஷின்களுக்கு அதற்கு முன் ஓஸ்லோ, ஏதெனா என்று பெயர் வைத்த பைகள் இருந்தன. உங்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் எஸ்-பேக்கை வாங்கிவந்து திணிக்கப் பார்க்காதீர்கள்.

நிறுத்திய மெஷின்களுக்குப் பை செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. ஜெர்மனியின் ஸ்விர்ல், எலக்ட்ரோலக்ஸ் குடும்பத்து மெனாலக்ஸ் இரண்டும் பெயர்பெற்றவை. இவர்கள் தங்கள் எண்ணுக்கு நேரே எந்தெந்த மெஷினுக்குப் பொருந்தும் என்று நீளமான பட்டியல் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் மாடல் எண்ணைத் தேடுங்கள். கிடைத்தால் அந்த எண்ணை வைத்து எந்தக் கடையிலும் வாங்கலாம், அதற்கப்புறம் மெஷின் பெயரைச் சொல்லவே வேண்டாம்.

பட்டியலில் இல்லையா? அப்போது அளவெடுக்க வேண்டியதுதான்.

அளவெடுப்பது

டேப்பை விட வெர்னியர் காலிப்பர் (தாடையில் கவ்விப் பிடித்து அளக்கும் கருவி) நல்லது, இரும்புக் கடையில் விலை குறைந்த பிளாஸ்டிக் காலிப்பரே போதும். எடுக்க வேண்டிய அளவுகள்: அட்டையின் அகலம், உயரம், தடிமன், ஓட்டையின் விட்டம், ஓட்டையின் மையம் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம். கடைசி அளவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எங்கள் அட்டை 110 மில்லிமீட்டர் உயரம், 101 அகலம், ஓட்டை 46. ஆனால் ஓட்டை நடுவில் இல்லை, கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அகலமும் உயரமும் ஒத்துப்போகிற ஒரு பையைச் சந்தோஷமாக வாங்கிவந்து செருகினால் குழாய் முனை அட்டையில் முட்டி நின்றது.

தடிமனில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் அட்டை தாங்கியில் இறங்காது. குறைந்தால் சமாளிக்கலாம், பின்னால் இன்னொரு அட்டையை ஒட்டிவிடலாம். ஓட்டை குழாய் முனையை விடச் சற்றுச் சிறியதாக, ரப்பர் இறுக்கிப் பிடிக்கும்படி இருக்க வேண்டும். தளர்ந்தால் தூசி பைக்கு வெளியே போகும்.

அதனால் என்ன, கொஞ்சம் தூசிதானே என்று நினைக்காதீர்கள். உருளை மாதிரித் தரையில் இழுத்துப் போகிற மெஷின்களில் மோட்டார் பைக்குப் பின்னால் இருக்கிறது. பையின் சுவர் வழியாக வடிகட்டி வரும் காற்றுதான் பெரும்பாலான மெஷின்களில் மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. பை ஒழுகினால் தூசி நேராக மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலும் பேரிங்கிலும் போய் உட்காரும், பை அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து மோட்டார் சூடேறும். இரண்டிலும் போவது மெஷின்தான்.

பையின் பருமனையும் கவனியுங்கள். மெஷினுக்குள் பை உட்காரும் அறையை விடச் சிறிய பை பரவாயில்லை, சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். பெரியதாக இருந்தால் மடிந்து, பின்னாலுள்ள கம்பிவலையில் ஒட்டிக்கொண்டு காற்றை மறிக்கும்.

எங்கே தேடுவது

கிரே ஸ்ட்ரீட்டுக்கு டாக்டர் யூசுஃப் தாது ஸ்ட்ரீட் என்று பெயர் மாறி வருஷங்கள் ஆகியும் எங்கள் வீட்டில் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வோம். அந்தப் பக்கத்துச் சந்துகளில் மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேர் பார்க்கிற பழைய கடைகளில்தான் முதலில் கேட்க வேண்டும். மாலில் இருக்கும் பளபளப்பான கடையில் கேட்டால் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு இல்லை என்பார்கள். ரிப்பேர் கடைக்காரரிடம் வாய் அட்டையை நீட்டினால் எண்ணைக்கூடக் கேட்காமல் மேல் தட்டில் ஏறி ஒரு மூட்டையை இறக்குவார். எனக்கு முதல் இரண்டு பை அப்படித்தான் கிடைத்தன. வெள்ளி, சனிக் கிழமைகளில் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் வாங்கப் போகும்போதும் பழைய சாமான் விரித்திருக்கும் ஓரத்தை ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம்.

இன்டர்நெட்டில் பழைய பொருள் விற்கிற விளம்பரங்களைத் தேடும்போது ஆங்கிலத்தோடு ஆப்பிரிக்கான்ஸிலும் தேடுங்கள். வேக்யூம் கிளீனருக்கு அவர்கள் ஸ்டொஃப்சாயர் என்பார்கள், எழுத்தை போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். வயதானவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது போடுகிற விளம்பரங்களில் மெஷினோடு பிரிக்காத பை பாக்கெட்டும் வரும். மெஷின் ஓடாது என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது, விலை குறைவு, நமக்கு வேண்டியது பைதானே.

வெளிநாட்டில் வாங்குவதானால் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும்தான் பழைய மெஷின் பைகள் அதிகம் கிடைக்கும். 1993-ல் டைசன் கம்பெனியின் பையில்லாத டிசி01 மெஷின் வந்தபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பையை விட்டுப் போயின. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரிலிருந்து 1600 வாட்டுக்கு மேலும், 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கு மேலும் உள்ள புது மெஷின்களை விற்கக்கூடாது என்று சொன்னதில் நிறைய மாடல்கள் மறைந்தன. மெஷின்கள் போனாலும் வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்காகப் பைகள் தொடர்ந்து வருகின்றன. வேக்யூம் கிளீனர் பைக்கான ஜெர்மன் சொல்லில் தேடினால் ஆங்கிலத்தில் வராத கடைகள் வரும்.

பை கனமில்லை, ஆனால் இடத்தை அடைக்கும், சில கடைகள் பெட்டியின் அளவுக்கும் பணம் கேட்கும். அட்டைப்பெட்டியைத் தவிர்த்து, பைகளைத் தட்டையாக ஒரு உறையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், பல விற்பனையாளர்கள் சரி என்பார்கள். இங்கே இறங்கும்போது 15 சதவீதம் வாட் வரி உண்டு, சுங்கவரியும் சேரலாம், அதையும் கணக்கில் வையுங்கள். லண்டனிலிருந்து யாராவது கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்றால் அதைவிட நல்ல கூரியர் இல்லை. மனைவியின் சித்தி பெட்டியில் பத்துப் பை கொண்டுவந்தார். சாக்லேட் கேட்பார்கள் என்று நினைத்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பழைய தாள் பையை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டர்பன் ஈரக்காற்றில் பல வருஷம் கிடந்த பையின் ஓரப்பசை விட்டுப்போயிருக்கும், பூச்சியும் அரித்திருக்கும். வாங்குமுன் ஒன்றைப் பிரித்துக் கையை உள்ளே விட்டு, எதிரே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி அளவு வெளிச்சம் தெரிந்தாலும் வேண்டாம்.

கடைசி வழி: பழைய வாய், புதிய பை

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் இதுதான், எனக்கு இதில்தான் அதிக ஈடுபாடு. எளிதாகக் கிடைக்கும் செயற்கை இழை எஸ்-பேக் ஒன்றை வாங்குங்கள். அதன் வாயை இழையில் ஒட்டவிட்ட பிளாஸ்டிக்கோடு வெட்டி நீக்குங்கள். பத்திரப்படுத்திய பழைய வாய் அட்டையின் உள்பக்கத்தில், ஓட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் செருப்பு ஒட்டுகிற பசையைத் தடவி, புதிய பையின் ஓரத்தை அதில் அழுத்துங்கள். பசை காயுமுன் இழைக்கு மேல் இன்னொரு மெல்லிய அட்டை வளையத்தை வைத்து, இரண்டுக்கும் நடுவில் இழை சிக்கும்படி ஒட்டினால் பிய்ந்து வராது. மேலே நாலு புத்தகத்தை ஏற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

பழைய அட்டை நைந்துபோயிருந்தால் புதிது வெட்ட வேண்டும். நான் எடுத்தது தேர்தல் போஸ்டர். தேர்தல் வந்தால் இங்கே விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் தலைவர்கள் சிரித்துக்கொண்டு தொங்குவார்கள் இல்லையா, அந்த வரி வரியான பிளாஸ்டிக் பலகைதான். 2024 தேர்தல் முடிந்து, காற்றில் அறுந்து எங்கள் வாசலில் வந்து விழுந்த ஒன்றை வைத்து அச்சு அசலாக ஒரு வாய் வெட்டினேன். தாங்கியில் கனகச்சிதமாக இறங்கியது. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு மூடியைத் திறந்தால் பைக்கு வெளியே அறை முழுக்க நரைத்த தூசி. பசை பிடித்திருந்தது, ரப்பரும் சரியாக இருந்தது. காரணம் புரிய ஒரு சாயங்காலம் ஆனது. அந்தப் பலகையின் உள்ளே வரிசையாகக் குழல்கள் ஓடுகின்றன, ஓட்டையின் விளிம்பில் அவற்றின் வாய் திறந்திருக்கிறது, இன்னொரு முனை பலகையின் வெளி விளிம்பில். தூசி பைக்குள் போகாமல் அந்தக் குழல்கள் வழியாக நைசாக வெளியே வந்துவிட்டது. ஓட்டையின் உள்விளிம்பைச் சுற்றிச் சூட்டுப்பசை விட்டு ஒவ்வொரு குழலையும் அடைத்தபிறகு ஒழுகல் நின்றது.

எந்தப் பையானாலும், கடையில் வாங்கியதோ கையில் செய்ததோ, இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: மெஷினை ஓட்டி, காற்று வெளியேறும் சல்லடைக்கு எதிரே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அடைத்துவிடாமல் ஒரு நிமிஷம் பிடியுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் எங்கோ ஒழுகுகிறது.

துணியில் தைத்து, ஜிப் வைத்து, கொட்டிக் கொட்டிப் பயன்படுத்தும் பைகளும் விற்கிறார்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சாதாரணப் பருத்தியின் கண் பெரியது, பெரிய குப்பை நிற்கும், நுண்ணிய தூசி மோட்டாருக்குப் போகும். கொட்டும்போதெல்லாம் அதை நீங்களும் சுவாசிப்பீர்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தாள் பையைக் கொட்டிவிட்டு மறுபடி போடுவதும் அப்படித்தான், அதன் கண்கள் ஏற்கெனவே அடைத்துப்போயிருக்கும்.

மெஷினில் பை இல்லாவிட்டால் மூடி மூடாதபடி ஒரு சின்ன நெம்புகோல் இருக்கலாம். அதை டேப் போட்டு ஏமாற்றுகிற வேலை வேண்டாம். பையில்லாமல் ஓட்டக்கூடாது என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

கிடைத்த பையை நீட்டிப்பது

பையை வேகமாகக் கொல்வது குப்பையின் அளவு இல்லை, நுணுக்கம்தான். அரிசியும் நூலும் முடியும் எவ்வளவு போனாலும் காற்று ஓடும். பூஜையறையில் சிந்திய ஒரு பிடி விபூதி உள்ளே போனால் பையின் கண்களெல்லாம் பூசிக்கொண்டு, பாதி காலியாக இருக்கும்போதே இழுவை போய்விடும். சுவர் சுரண்டிய தூள், முகப்பவுடர், கோதுமை மாவு எல்லாம் இதே ரகம். இவற்றை ஈரத்துணியால் துடையுங்கள். சாம்பிராணித் தட்டின் சாம்பலை மெஷினால் இழுக்கவே கூடாது, ஆறிப்போனது போலத் தெரிந்தாலும் உள்ளே கனல் இருந்தால் பை பற்றிக்கொள்ளும்.

சரியான பை கிடைத்ததும் ஒரே பாக்கெட்டோடு நிற்காதீர்கள், மூன்று நான்கு வாங்கி வையுங்கள், அடுத்த முறை இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எங்கள் வீட்டில் அவை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில், ஈரம் புகாமல் மூடி, அலமாரி மேல் இருக்கின்றன. கறிவேப்பிலைப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் அதே போன்ற டப்பா என்பதால், மேலே மார்க்கரில் "பை" என்று எழுதியிருக்கிறார் மாமியார். பையின் எண்ணை மெஷின் மூடியின் உள்பக்கத்தில் எழுதியது நான், அதுவும் மார்க்கரில்தான், போன் தொலைந்தாலும் அது தொலையாது.